சிஸ்டர் பிடிக்கும் சுருதி: வாசகர் கேள்வி பதில்

இசை கற்பிக்கும் கன்னியரைப் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், நன்றாகப் பாடுவாள். மடத்தில் சேர்ந்து பாட்டு சிஸ்டர் ஆக வேண்டும் என்கிறாள். "பாட்டு மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன்" என்று சொல்லிச் சேர முடியுமா? எத்தனை வருஷம் ஆகும்?
– ஒரு தாய், வள்ளியூர்

நிபந்தனை போட்டுச் சேர முடியாது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று துறவிகள் கடவுளுக்குத் தரும் மூன்று வார்த்தைப்பாடுகளில் (வாக்குறுதிகளில்) மூன்றாவது இதைத்தான் கேட்கிறது. இசை படித்தவரை விடுதிப் பொறுப்புக்கு அனுப்பினாலும் போகத்தான் வேண்டும். பகலில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் பாடகர் குழுவைப் பழக்குகிற சிஸ்டர்மார்தான் அதிகம். முழுநேர இசை ஆசிரியைகள் குறைவு.

முதலில் துறவற சபையோடு தங்கிப் பழகும் ஆயத்தக் காலம். அதன் நீளம் சபைக்குச் சபை மாறும். அடுத்தது நொவிஷியேட் என்கிற நவதுறவகம், அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சிக் காலம். திருச்சபைச் சட்டப்படி இதில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம், பொதுவாக 2 ஆண்டுக்கு மேற்படாது. பிறகு முதல் வார்த்தைப்பாடு. அதைப் புதுப்பித்துக்கொண்டே 3 முதல் 6 ஆண்டு (மிஞ்சினால் 9) கழித்து நித்திய வார்த்தைப்பாடு.

பலர் கவனிக்காத ஒன்று: நவதுறவகத்தின் 12 மாதத்தில் வெளிப்படிப்பு கிடையாது. பாதியில் நிற்கும் கிரேடு தேர்வோ அரசு லோயர், ஹையர் இசைத் தேர்வோ அப்படியே நின்றுவிடும். ஆகவே கையில் உள்ளதை முடித்துவிட்டுச் சேரட்டும். இல்லையென்றால் முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு சபையே படிக்க அனுப்பும்வரை பொறுக்க வேண்டியதுதான். அப்படி அனுப்பப்படுகிறவர்களில் பலர் போவது திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரிக்கு. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 ஆண்டுப் படிப்பு உண்டு. ஆனால் 25 வயதைத் தாண்டினால் அங்கே இடமில்லை.

பாட்டு டீச்சராக வேலை பார்க்கும் சிஸ்டருக்குச் சம்பளம் யாருக்குப் போகும்? சொந்தமாக வயலின், கீபோர்டு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

சம்பளம் சபைக்கு. கருவியும் மடத்துக் கணக்கில்தான் வரும், பயன்படுத்துவது அவர். மாறுதலாகும்போது எடுத்துப் போகலாமா என்பதை மதர்தான் சொல்ல வேண்டும். வரி உண்டா என்ற பழைய வழக்கில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றும் அருட்சகோதரிகள், குருக்கள் சம்பளத்திலும் வரி பிடித்தம் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் முடித்துவைத்தது.

எங்கள் ஊருக்கு வந்திருக்கும் சிஸ்டர் முறையாகச் சங்கீதம் படித்தவர். ஆனால் அவர் பாட்டைத் தொடங்கினால் ஆண்கள் வாயைத் திறப்பதில்லை. பெண்களுக்கும் தொண்டை இறங்கிப் போகிறது. ஏன்?
– பாடகர் குழுவில் ஒருவர், உவரி

சிஸ்டர் தன் சுருதியில் தொடங்குகிறார். கர்நாடக இசை படித்த பெண்கள் பெரும்பாலும் 5, 5½ கட்டையில் பாடுவார்கள் (கட்டை என்பது சுருதியின் எண்: 1 கட்டை கீபோர்டின் சி, 5 கட்டை ஜி). கச்சேரிக்கு அது சரி. பூசைப் பாடல் பலவும் மேல் ஸ வரைதான் ஏறும். அதை 5 கட்டையில் பிடித்தால் பெண்கள் குரல் கீழேயே கிடக்கும். ஆண்களுக்கு இரண்டே வழி: அடிவயிற்றில் உறும வேண்டும், அல்லது மேலே ஏறிக் கத்த வேண்டும். இரண்டும் முடியாதவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சுருதியைப் பாடகரை வைத்து முடிவு செய்யக் கூடாது, பாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டும். பாட்டின் உச்ச ஸ்வரம் எது என்று பாருங்கள். அந்த ஸ்வரம் 2 கட்டையில் (டி) வந்து விழும்படி ஸட்ஜத்தை (அடிப்படை ஸ்வரமான ஸ-வை) வையுங்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) கீழே பாடுவார்கள், இருவருக்கும் எட்டும்.

மேல் ஸ வரை போகும் பாட்டுக்கு ஸட்ஜம் 2 கட்டை. மேல் சதுச்ருதி ரி (ஸ-வுக்கு இரண்டு கீ மேலே) தொட்டால் 1 கட்டை. மேல் அந்தர காந்தாரம் (ஸ-வுக்கு நான்கு கீ மேலே உள்ள க) தொட்டால் 6½. மேல் ப வரை ஏறும் பாட்டுக்குத்தான் சிஸ்டரின் 5 கட்டை பொருந்தும். 1 கட்டையில் வாசித்துப் பழகிய கீபோர்டுக்காரர் இதே வரிசையில் டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தானை) +2, 0, -2, -5 என்று வைத்தால் போதும். பாட்டு முடிந்ததும் 0-வுக்குத் திருப்ப மறந்தால் அடுத்த பாட்டு தடம் புரளும். ஞாயிறு பூசைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து இதுதான்.

பிறகு கீழ் எல்லையையும் பாருங்கள். இப்படி வைத்தபின் பாட்டு, உச்சத்திலிருந்து ஒன்றரை ஸ்தாயிக்கும் கீழே இறங்கினால் அது மக்கள் பாட்டல்ல, தனிக்குரல் பாட்டு. திருவிருந்துக்குப் பின் ஒருவர் பாடட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். காலை 5.30 பூசை என்றால் எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்கிவிடுங்கள். தூங்கி எழுந்த தொண்டை மேலே போகாது.

தவக்காலத்தில் கீபோர்டு வாசிக்கவே கூடாது என்று எங்கள் சிஸ்டர் சொல்கிறார். பக்கத்துப் பங்கில் வாசிக்கிறார்களே?
– இளைஞர், வடக்கன்குளம்

பாட்டுக்குத் துணையாக வாசிக்கலாம், தனியாக வாசிக்கத்தான் தடை. விதி அவ்வளவே. நம் பாடல்களில் சரணத்துக்குச் சரணம் வரும் இடையிசைதான் சிக்கல். அதை வெட்டிவிட்டு இரண்டு அட்சரம் மட்டும் விட்டுத் தொடருங்கள். ஆட்டோ ரிதம் வேண்டாம். தவக்காலம் 4-ஆம் ஞாயிறும், மார்ச் 19, 25 பெருவிழாக்களும் விலக்கு. அந்த இரு பெருவிழாக்களில் 'உன்னதங்களிலே' (பூசைத் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாடல்) பாடுவது உண்டு, அல்லேலூயா அப்போதும் கிடையாது. பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டர் இரவுப் பூசை) 'உன்னதங்களிலே' வரை மறுபடி துணையிசை மட்டும். உங்கள் சிஸ்டர் விதியைவிடக் கொஞ்சம் கடுமை. ஆனால் 40 நாள் சுருதிப்பெட்டியோடு மட்டும் பாடிய குழுவுக்கு ஈஸ்டரில் காது நன்றாகத் தேறியிருக்கும்.

மடத்து ஆர்மோனியத்தில் இரண்டு ரீடு ஒலிக்கவில்லை, ஒன்று நிற்காமல் ஒலிக்கிறது. கடற்கரை ஊர் என்பதால்தானா?
– ஆசிரியை, இடிந்தகரை

பாதிக் காரணம் அதுதான். உப்புக்காற்றில் பித்தளை ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாக்கு) பச்சை பிடிக்கும், ஸ்பிரிங்கும் திருகும் துருவேறும். மீதி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதால் வருவது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. பருத்தித் துணி உறை போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வையுங்கள். தினம் பத்து நிமிடம் துருத்தி போட்டு வாசித்தாலே பாதி நோய் வராது.

ஒலிக்காத ரீடில் பெரும்பாலும் தூசிதான். மேல் பலகையைத் திறந்து, மெல்லிய தாளை நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி மெதுவாக இழுங்கள். எண்ணெய் விடவே கூடாது, தூசி ஒட்டிச் சுருதி இறங்கிவிடும். பச்சையைக் கத்தியால் சுரண்டவும் கூடாது. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும்.

நிற்காமல் ஒலிப்பதற்கு: கீயைக் கையால் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் ஒலி நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது மரம் ஈரத்தில் உப்பிப் பக்கத்துக் கீயோடு உரசுகிறது. அப்படியும் நிற்காவிட்டால் அடைப்புத் தோலின் கீழே ஏதோ சிக்கியிருக்கிறது. துருத்தியையும் சோதியுங்கள். காற்று நிரப்பி, எல்லா ஸ்டாப்பரையும் (காற்றுவழியைத் திறந்து மூடும் குமிழ்களை) மூடி, கீ எதையும் தொடாமல் விட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் சரிந்தால் எங்கோ ஓட்டை.

கன்னியர் யாராவது பெரிய இசையமைப்பாளராக இருந்ததுண்டா?
– மாணவி, தென்காசி

ஜெர்மனியின் பிங்கன் நகர் ஹில்டகார்ட் (1098–1179). எழுபதுக்கு மேற்பட்ட பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன. 2012-இல் திருச்சபையின் மறைவல்லுநர் (போதனையில் சிறந்த புனிதர்களுக்குத் தரும் பட்டம்) என்று அறிவிக்கப்பட்டார். மடத்தில் ஏடுகளில் இசைக்குறிப்போடு எழுதிவைத்ததால் அவை தப்பின. உங்கள் பக்கத்திலேயே, சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் துறவி அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். ஆனால் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலை எழுதிய அவரைத் தெரியாமல் நம் வட்டாரத்தில் இசை பேச முடியாது.

சிஸ்டர் மாறுதலாகிப் போனதும் பாடகர் குழு கலைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.
– உபதேசியார், பாளையங்கோட்டை

மாறுதல் வரும் என்பது தெரிந்ததுதான், பெரும்பாலும் மே மாதத்தில் வரும். புதிய சிஸ்டர் வந்த முதல் மாதத்திலேயே கேளுங்கள்: தொடங்கிவைக்க இரண்டு குரல், வாசிக்க இரண்டு பேர் என்று நால்வரைத் தனியாகப் பழக்கித் தர முடியுமா என்று. ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களாகப் பாருங்கள். மேலே இருப்பவர்கள் பொதுத்தேர்வு வந்தால் போய்விடுவார்கள். புதுப்பாட்டு இரண்டு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

ஒரு பதிவேடு போடுங்கள். முதல் வரி, கட்டை, உச்ச ஸ்வரம், தாளம், எந்தக் காலத்துக்கு உரியது என்று ஐந்து கட்டம். சிஸ்டர் பாடியதைக் கைபேசியில் பதிந்து, கோப்புக்கும் பாட்டின் முதல் வரியையே பெயராக வையுங்கள். பதிவேடு மடத்து அலமாரியில் இருந்தால் அடுத்தவர் கைக்கு வராது. கோயில் சக்கிறீஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்), பூசைப் புத்தகத்தோடு இருக்கட்டும்.