மேப்பிளிலிருந்து மேத்தமேட்டிகாவுக்கு: கணிதக் கோவை பொருள் மாறாமல் போய்ச் சேர

கேள்வி: மேப்பிள் என்ற கணித மென்பொருளில் கிடைத்த நீளமான விடையை, கணிதக் கோவைகளை எழுதும் மேத்எம்எல் வடிவமாக மாற்றி, மேத்தமேட்டிகா என்ற இன்னொரு கணித மென்பொருளில் திறந்தேன். திரையில் அச்சு அசலாக அதே கோவைதான். ஆனால் 'எஃப்' என்ற சார்பு, பக்கத்து அடைப்புக்குறியோடு பெருக்கலாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பியது கோவையின் தோற்றத்தை மட்டும்தான் என்று தோன்றுகிறது. மேத்எம்எல்லில் 1998-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இரண்டு வகை உண்டு. பிரசன்டேஷன் வகை எது மேலே, எது கீழே, அடைப்புக்குறி எங்கே என்று சொல்லும். எஃப்-ஐ அடுத்து அடைப்புக்குறி வந்தால் அது சார்பா, பெருக்கலா? இதைக் காட்ட யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் இருக்கின்றன. அவை விடுபட்டால், வாங்கும் நிரல் ஊகிக்க வேண்டியதுதான். பொருளைச் சொல்லும் கன்டென்ட் வகையில் இந்தக் குழப்பம் இல்லை. 'எஃப்-ஐ இதன்மேல் செயல்படுத்து' என்றே எழுதப்படும். மேப்பிளில் எக்ஸ்போர்ட்கன்டென்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

சரி, பெருக்கல் சிக்கல் தீர்ந்தது. எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று: ஒரே பெயர், வேறு வரையறை. மைனஸ் 1-இன் நேர்மாறு கோடேன்ஜென்ட் மேப்பிளில் முக்கால் பை (3π/4). மேத்தமேட்டிகாவில் மைனஸ் கால் பை (-π/4). நீள்வட்டத் தொகையீட்டில் இன்னும் மோசம். மேப்பிளின் எலிப்டிக்கே என்ற சார்பில் மாடுலஸ் என்ற உள்ளீட்டைத் தர வேண்டும், மேத்தமேட்டிகாவில் அதன் வர்க்கத்தை. மேப்பிளில் 1/2 என்றிருப்பது மேத்தமேட்டிகாவில் 1/4 ஆக வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும்.

இதற்காகத்தான் கணிதப் பொருளை எழுதுவதற்கான ஓப்பன்மேத் என்ற தரம் ஒவ்வொரு பெயரையும் கன்டென்ட் டிக்ஷனரி என்ற அகராதியில் ஒரு வரையறையோடு கட்டிவைக்கிறது. 2010-இல் வந்த மேத்எம்எல் 3-இன் 'ஸ்ட்ரிக்ட்' கன்டென்ட் வடிவமும் அதை ஒட்டியதே. ஆனாலும் அகராதிப் பொருளைத் தன் சார்போடு பொருத்துவது அந்தந்த நிரலின் மொழிமாற்றி. அது கவனிக்காமல் எழுதப்பட்டிருந்தால் அகராதி இருந்தும் பயனில்லை.

அதனால் எந்த வழியில் அனுப்பினாலும், மாறிகளுக்குச் சில எண்களைக் கொடுத்து இரண்டு பக்கமும் 20 இலக்கம்வரை ஒப்பிட்டுவிடுங்கள். மிகை எண்கள் மட்டும் போதாது. குறை எண்களும் கலப்பெண்களும் கட்டாயம் இருக்கட்டும். மிகை எண்ணில் ஒத்துப்போய் குறை எண்ணில் பிசகினால், முதலில் நேர்மாறு சார்புகளைப் பாருங்கள். எல்லா இடத்திலும் பிசகினால் சிறப்புச் சார்புகளின் உள்ளீடுகளை இரண்டு நிரல்களின் உதவிப் பக்கங்களோடும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.