'டேக்' என்ற ஒரு சொல்லுக்குத் துருக்கியில் எத்தனை வினை?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "துருக்கி அரசின் உதவித்தொகையில் அங்காராவுக்கு மேற்படிப்புக்குப் போகிறேன். ஆங்கிலப் புத்தகம் வைத்து இப்போதே துருக்கி மொழி படிக்கிறேன். 'டேக்' என்று தேடினால் அகராதியில் முதலில் வருவது 'அல்மக்'. ஆனால் பஸ், மாத்திரை, பரீட்சை, போட்டோ என்று எதற்கு அதைப் போட்டாலும் பேசிப் பழகும் தோழி திருத்துகிறாள். இதை எப்படித்தான் படிப்பது?"

அகராதியில் தவறில்லை. நீங்கள் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து துருக்கிக்கு வருகிறீர்கள். சிக்கல் அந்த நடு ஊரில்தான். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை குறையும்.

முதலில் அல்மக். எடுப்பது, வாங்குவது, பெறுவது மூன்றும் அதற்குள் உண்டு. கடையில் ரொட்டி வாங்குவதும் அல்மக், டாக்டரிடம் நேரம் வாங்குவதும் அல்மக். மூச்சு விடுவதற்குக்கூட 'நெஃபெஸ் அல்மக்' என்பார்கள். வீட்டுக்குப் போனால் 'சாய் அலிர் மிசினிஸ்?' என்று கேட்பார்கள். நம் 'டீ எடுத்துக்கிறீங்களா?'தான் அது. விலைக்கு வாங்குவது என்ற பொருள் இந்த வினையோடு ஒட்டியே நிற்பதால், 'ஒத்தொபுஸ் அல்தம்' என்று சொன்னால் நீங்கள் பஸ்ஸையே வாங்கிவிட்டதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும்.

பஸ்ஸுக்கு உரிய வினை பின்மெக், அதாவது ஏறுவது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே தமிழும் காலை வாரும். நாம் பஸ்ஸில் ஏறுகிறோம். துருக்கியர் பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள். பஸ் என்பது ஒத்தொபுஸ். நம் 'கு' உருபுக்கு நிகரான 'எ' சேர்ந்து 'ஒத்தொபுஸெ பின்மெக்' ஆகிறது. 'இல்' உருபுக்கு நிகரான 'தெ'யைச் சேர்த்து 'ஒத்தொபுஸ்தெ' என்றால், ஏற்கெனவே பஸ்ஸுக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். அப்படிச் சொல்லிவிட்டுப் பின்மெக் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். இறங்குவதில் இந்தத் தொல்லை இல்லை. 'ஒத்தொபுஸ்தென் இன்மெக்', அப்படியே நம் 'பஸ்ஸிலிருந்து இறங்கு'. பரீட்சையும் பஸ் மாதிரியே 'கு' கேட்கும்: 'சினவா கிர்மெக்', பரீட்சைக்குள் நுழைவது. அதனால் வினையைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். பெயர்ச்சொல், உருபு, வினை மூன்றையும் ஒரே தொடராக எழுதி மனப்பாடம் செய்யுங்கள்.

மருந்து விஷயம் நீங்கள் போன முதல் மாதமே தேவைப்படலாம். மாத்திரையானாலும் டானிக்கானாலும் அங்கே பெரும்பாலும் குடிப்பதுதான், 'இலாச் இச்மெக்'. 'இலாச் அல்மக்' என்றும் சொல்வதுண்டு, அது தவறில்லை. ஆனால் அதற்கு மருந்துக் கடையில் வாங்குவது என்ற பொருளும் இருப்பதால், சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்கும்போது இச்மெக் சொல்வது தெளிவு. சீட்டில் 'தோக் கர்னினா' என்று இருந்தால் சாப்பிட்ட பிறகு, 'அச் கர்னினா' என்று இருந்தால் வெறும் வயிற்றில். இந்த இரண்டையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இனி நமக்கு லாபமான பக்கம். ஆங்கிலத்தில் படிப்பவர் விதி தேடும் சில இடங்களில் தமிழருக்கு விதியே வேண்டாம். துத்மக் என்றால் பிடிப்பது. 'தாக்ஸி துத்மக்' டாக்ஸி பிடிப்பது, 'எவ் துத்மக்' வாடகைக்கு வீடு பிடிப்பது. அங்காராவில் விடுதி கிடைக்காவிட்டால் இந்த இரண்டாவது தொடர் உங்கள் வாயில் தினமும் இருக்கும். ஒரு பொருளையோ ஆளையோ ஓரிடத்துக்குக் கொண்டுபோவது கொத்துர்மெக், கொண்டுவருவது கெத்திர்மெக். இந்த வேறுபாடு நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். விடைபெறும்போது சொல்லும் 'கெந்தினே இயி பக்' என்பதில் உள்ள பக்மக், பார்ப்பது. 'உடம்பைப் பார்த்துக்கோ' என்று சொல்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

போட்டோ நாம் எடுக்கிறோம் அல்லது பிடிக்கிறோம், அவர்கள் இழுக்கிறார்கள்: 'ஃபொதோராஃப் செக்மெக்'. ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் 'பாரா செக்மெக்'தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க 'நெ கதர் சுரெர்?' போதும். அதில் வரும் சுர்மெக் நீடிப்பது. செருப்பைக் கழற்றுவது சிகர்மக், மசூதி வாசலில் உதவும்.

ஒரே ஒரு திசையில் கவனம் வையுங்கள். ஆங்கிலமும் தமிழும் 'எடு' என்று ஒத்துப்போகும் சில இடங்களில் துருக்கி 'கொடு' என்று திரும்பிக்கொள்ளும். முடிவெடுப்பது 'கரார் வெர்மெக்', முடிவு கொடுப்பது. வேலைக்கு நடுவே ஓய்வு எடுப்பது 'மோலா வெர்மெக்'. வெளியூர் பஸ் வழியில் சாப்பாட்டுக்கு நிற்கும்போதும் இந்த மோலா காதில் விழும். 'கரார் அல்மக்' என்றும் உண்டு. அமைச்சரவையோ சங்கமோ தீர்மானம் எடுக்கும் செய்திகளில் அதை அதிகம் பார்ப்பீர்கள்.

எத்தனை வினை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அகராதியில் தேடும் சொல்லை மாற்றுங்கள். 'டேக்' என்று தேடினால் பட்டியல்தான் நீளும். மருந்து, பரீட்சை, முடிவு என்ற பெயர்ச்சொல்லின் துருக்கி வடிவத்தைத் தேடுங்கள். 1932இல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகத்தின் இணைய அகராதி இலவசம். அதில் 'கரார்' என்று போட்டால், பொருளுக்குக் கீழே மரபுத்தொடர்களும் கூட்டுவினைகளும் தனியாக வரும். எந்த வினை சேரும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இங்கே நான் தமிழ் எழுத்தில் தந்திருப்பது உத்தேச ஒலிதான். துருக்கியின் சில உயிரொலிகள் நம் எழுத்துக்குள் அடங்குவதில்லை. எழுத்துக்கூட்டலை அந்த அகராதியில் சரிபார்த்தே நோட்டில் ஏற்றுங்கள். உதவித்தொகையோடு 1 ஆண்டு மொழி வகுப்பும் கிடைக்கும் என்பதால், இப்போதைக்கு ஏறுவது, குடிப்பது, பிடிப்பது, இழுப்பது, கொடுப்பது என்ற ஐந்தைத் தொடராகப் பழகிக்கொண்டு போனால் போதும். மீதியை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.