தாளித்தால் அலாரம் அடிக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கே: மகளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸில் ஓராண்டு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள மாணவர் குடியிருப்பில் ‘என்-சூட்’, ‘ஸ்டூடியோ’ என்று இரண்டு வகை சொல்கிறார்கள். ஸ்டூடியோவுக்கு வாரம் 40 பவுண்டு கூடுதல். அவ்வளவு கொடுக்கத் தகுமா? – வாசகி, கோத்தகிரி

ப: என்-சூட்டில் அறையும் குளியலறையும் தனி, அடுப்படி மட்டும் ஐந்தாறு பேருக்குப் பொது. ஸ்டூடியோவில் அடுப்படியும் அறைக்குள்ளேயே இருக்கும். ஆக, அந்த 40 பவுண்டு அடுப்படிக்காக மட்டுமே நீங்கள் கொடுப்பது. தினமும் சமைக்கிற பெண், அசைவம் புழங்காத சமையலறை வேண்டும் என்கிறவர், தனிமையில் சோர்ந்துபோகாதவர் என்றால் கொடுக்கலாம். புது நாட்டில் முதல் மாதம் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்கிற சுபாவம் என்றால் என்-சூட்தான் நல்லது. பொது அடுப்படியில்தான் பலருக்கும் முதல் தோழி கிடைக்கிறாள்.

வார வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை வாரம் என்று கேளுங்கள். பெரும்பாலும் 44 வார ஒப்பந்தம் ஒன்று, 51 வார ஒப்பந்தம் ஒன்று என்று வைத்திருப்பார்கள். செப்டம்பரில் தொடங்கும் 44 வாரம் ஜூலையில் முடிந்துவிடும். ஓராண்டு முதுகலைக்கு ஆய்வேடு எழுதும் காலமே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு அறை தேட வேண்டிவரும். அதனால் உங்கள் மகளுக்கு 51 வாரம்தான் சரி. அப்போது அந்த 40 பவுண்டு, ஆண்டுக்கு 2,040 பவுண்டு ஆகிறது. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள்.

அடுப்படி என்றதும் நம் வீட்டு மேடையை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வளைய மின் அடுப்பு, ஒரு மைக்ரோவேவ், மேடைக்கு அடியில் அடங்கும் சின்ன ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். இண்டக்‌ஷன் அடுப்பா, சாதாரண சூட்டுத்தட்டா என்று கேட்டுவிட்டுப் பிறகு குக்கர் வாங்குங்கள். அடிப்பகுதியில் காந்தம் ஒட்டாத குக்கர் இண்டக்‌ஷனில் சூடே ஏறாது.

அடுத்தது தாளிப்பு. பொது அடுப்படியில் வழக்கமாக வெப்பத்தை உணரும் கருவி இருக்கும். ஸ்டூடியோவில் கட்டில் இருக்கும் அறையிலேயே அடுப்பும் இருப்பதால், புகையை உணரும் கருவி தலைக்கு மேலேயே இருக்கும். காய்ந்த எண்ணெயில் மிளகாய் கருகினால் அலாரம் அடித்து, சில கட்டடங்களில் மொத்தப் பேரும் இறங்கி வாசலில் நிற்க வேண்டியதுதான். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே புகைபோக்கி விசிறியைப் போட வேண்டும். சின்னக் கரண்டியில் குறைந்த சூட்டில் கடுகு போட்டு மூடிவிட வேண்டும். வெந்நீரில் குளித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்துபோட்டால் ஆவியே அலாரத்தைக் கிளப்பிவிடும். சில பிள்ளைகள் கருவிக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவிடுகிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. கண்டுபிடித்தால் அபராதமும் உண்டு.

‘ஷோ ரூம்’ (விளம்பரத்துக்கு அலங்கரித்த மாதிரி அறை) படத்தை நம்பாமல், கொடுக்கப்போகும் அறையின் எண்ணைக் கேட்டு, அதன் ஜன்னலைக் காணொளியில் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் எத்தனை அங்குலம் திறக்கும், எந்தப் பக்கம் பார்க்கிறது, தரைக்குக் கீழே பாதி புதைந்த அறையா என்று மூன்றையும் பாருங்கள். ஈரத் துணியை உள்ளே உலர்த்தினால் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூக்கும் என்பதைக் கோத்தகிரிப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயும் அதே கதைதான்.

கே: விசா வருவதற்கு முன்பே அறைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – குன்னூர் வாசகர்

ப: ஒப்பந்தத்தில் விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வார்கள் என்ற பிரிவைத் தேடுங்கள். பல இடங்களில் மறுப்புக் கடிதத்தைக் குறித்த நாட்களுக்குள் அனுப்பினால் மட்டுமே விடுவிப்பார்கள். எத்தனை நாள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவே இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

பிரிட்டனில் வசிக்கும் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும் என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் பல மாத வாடகையை ஒரேயடியாகக் கேட்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்களும் உண்டு. விசாவுக்குச் செலவுப் பணம் காட்டும்போது, பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த தங்குமிடத்துக்குப் பல்கலைக்கழகத்திடம் கட்டிய தொகையை ஓர் அளவுவரை கழித்துக்கொள்ளலாம். தனியார் குடியிருப்புக்குக் கட்டியதைக் கழிக்க முடியாது. முழுநேர மாணவர் மட்டும் தங்கும் அறைக்கு ‘கவுன்சில் டாக்ஸ்’ என்னும் உள்ளாட்சி வரி கிடையாது.

கே: திருநெல்வேலியிலிருந்து ஊட்டிக் கல்லூரியில் சேருகிறேன். விடுதி வேண்டாம், அடுப்படியோடு ஒற்றை அறை பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ப: முதலில் சுவர். மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண் திட்டோடு ஒட்டியிருக்கும். அந்த அறையில் வருடம் முழுக்க ஓதம் ஏறும். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை கையால் தடவிப் பாருங்கள். உப்புப் பூத்திருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா, அலமாரிக்குப் பின்னால் என்ன வாடை என்று பாருங்கள். ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சுவரில்தான் சாத்தும். (குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையே பெரிது.) கிழக்கிலோ தெற்கிலோ ஜன்னல் உள்ள அறையாக எடுங்கள். உறைபனி விழும் மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்து வரும். கட்டிலை, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் எந்த அறையும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலையில் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து வெந்நீர். மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கினால், 3 கிலோவாட் ‘இன்ஸ்டன்ட்’ கீசரில் குளிக்கும் சூட்டுக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்கூட வராது. ஒரு வாளி நிறையப் பத்து நிமிடம் ஆகும். திருநெல்வேலியில் அதே கீசர் பொங்கிக் கொட்டியிருக்கும். 15 லிட்டர் தொட்டி கீசர் என்றால் 2 கிலோவாட்டில் 25 நிமிடம் போட்டுவைத்தால், பச்சைத் தண்ணீர் கலந்து ஒன்றரை வாளி தேறும். செலவு ஒரு யூனிட்டுக்குள்.

2,000 வாட் ரூம் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். அறையில் பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தினம் மூன்று மணி நேரம் போட்டால் மாதம் 180 யூனிட். தனி மீட்டரா, வீட்டுக்காரர் மீட்டரில் பங்கா, யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புதான்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கும் அறையையும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சமையலில் ஒரு சங்கதி: இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. ஐந்து கிலோ சிலிண்டரும் மூன்று லிட்டர் குக்கரும் ஒருவருக்குத் தாராளம்.

சாமான் ஏற்றிக் காரில் வருவதானால், நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கு 2024 மே முதல் உள்ள இ-பாஸை (இணைய அனுமதிச் சீட்டு) முன்பே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை.

கே: சீசனில் இரண்டு மாதம் அறையைக் காலி செய்து, திரும்ப ஜூனில் வரச் சொல்கிறார் வீட்டுக்காரர். சரியா? – மாணவி, கொடைக்கானல்

ப: ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகளிடம் ஒரு வாரத்தில் வாங்கும் பணம் உங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டிவிடும்; அதுதான் காரணம். வாய்ப்பேச்சாக இருந்தால் உங்களுக்குப் பிடிமானம் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதியச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலத்தில் ஏப்ரல், மே மாதங்களும் அடங்கியிருக்கிறதா என்று தேதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. தேர்வு மே மாதம் வரை நீளும் படிப்பு என்றால், வாடகை கொஞ்சம் கூடினாலும் சீசனுக்கு விடாத வீடாகப் பார்ப்பதே உத்தமம். காலி செய்துதான் ஆக வேண்டும் என்றால், அந்த இரண்டு மாதத்துக்கு வாடகை இல்லை, முன்பணமும் கட்டிலும் அலமாரியும் அப்படியே இருக்கும் என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு, சுவரையும் கீசரையும் தேதியோடு படம் எடுத்துவைத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.