வலது கையில் ஜப்பானிய எழுத்து

கேள்வி: மகனுக்கு 21 வயது. மத்திய ஆயுதப் படைகளில் கான்ஸ்டபிள் வேலைக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வுக்குப் படிக்கிறான், விடியற்காலையில் கிரவுண்டில் ஓடுகிறான். இப்போது வலது முன்கை முழுக்க ஜப்பானிய எழுத்தில் டாட்டூ போடப்போகிறானாம். ஓசூரில் அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். "தெரியாத பாஷை உனக்கெதுக்குடா" என்று அவன் அப்பா கத்த, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. எப்படித் தடுப்பது?
- ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: சகோதரி, பாஷையை வைத்துச் சண்டை போட்டால் தோற்றுப்போவீர்கள். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அந்த எழுத்தின் அழகுக்காகப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் நம் பாட்டிகள் கை நிறையக் கோலம் கோலமாய்ப் பச்சை குத்திக்கொள்ளவில்லையா? (ஜப்பானிலேயே பல வெந்நீர்க் குளியல் கூடங்களில் டாட்டூ போட்டவர்களை உள்ளே விடுவதில்லை. இதை மகன் காதில் சும்மா போட்டு வையுங்கள்.)

எனக்குக் கவலை அந்த வலது கைதான். எஸ்.எஸ்.சி. ஜி.டி. அறிவிப்பை அவனையே எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். டாட்டூவுக்கென்றே அதில் விதி இருக்கிறது. முன்கை என்றால் உட்புறம், அதுவும் இடது கையில் மட்டும். வலது கை சல்யூட் அடிக்கிற கை. முன்கை இல்லையென்றால் புறங்கை. அளவும் அந்தப் பாகத்தில் நாலில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். அனுமதி என்று சொல்லியிருப்பது மதச் சின்னம், உருவம், பெயர் இவற்றுக்கு. "அப்படியானால் இடது கையில் சின்னதாகப் போடுகிறேன்" என்பான். கை மாறினாலும் எழுத்து அதே ஜப்பானிய எழுத்துதானே? ஓட்டத்திலும் பரீட்சையிலும் தேறிவிட்டு, மெடிக்கலில் இதற்காகத் திரும்பி வந்தால் யாரை நோவது?

அப்புறம் லேசர்தான் கதி. ஒரே தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டும். கறுப்பு மையாவது மங்கும், பச்சையும் மஞ்சளும் லேசில் விடாது.

அதனால் "போடாதே" என்று சொல்ல வேண்டாம், "செலக்‌ஷன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அப்படி ஒருநாள் போடுவதானால், புது ஊசியை அவன் கண்ணெதிரே உறை பிரிக்கச் சொல்லட்டும்; பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவும். போட்டபின் 12 மாதம் ரத்ததானம் செய்யவும் முடியாது.

அட்வான்ஸ் போனால் போகட்டும். அந்தப் பணத்தை நீங்களே மகன் கையில் கொடுத்துவிடுங்கள், ரோஷம் குறையும். அவன் அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.