வாசகர் கேட்டவை: பாஸ் ஒலிக்கும்போது முகப்பு விளக்கு மங்குவது ஏன்?

கேள்வி: என் காரின் பின்பெட்டியில் 2,000 வாட் ஆம்பிளிஃபையர் பொருத்தியிருக்கிறேன். பாஸ் ஒலி எழும்போதெல்லாம் முகப்பு விளக்குகள் மங்குகின்றன. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய லித்தியம் செல்களை மூன்று மூன்றாகத் தொடரில் இணைத்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்: வேண்டாம். நண்பர் 12 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மடிக்கணினி செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். மூன்று சேர்ந்தால் 12.6. ஓடும் காரின் ஆல்டர்னேட்டரோ 14.4 வோல்ட் வரை தருவதால், ஒவ்வொரு செல்லின் மீதும் 4.8 வோல்ட் ஏறும். அப்போது செல் வீங்கலாம், புகையலாம், தீப்பற்றவும் செய்யலாம். நான்காகத் தொடுத்தால் செல்லுக்கு 3.6 வோல்ட்தான் கிடைக்கும் என்பதால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பாதிகூட நிறையாத பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

காருக்கு ஒத்துப்போவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. அதன் செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடுத்தால் 12.8, முழுதாக நிறைந்தால் 14.6. சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கத் தயங்காதவர்கள் லித்தியம் டைட்டனேட் செல்கள் ஆறைத் தொடுக்கிறார்கள். அதே ஆற்றலுக்கு எடையும் இடமும் அதிகம் பிடித்தாலும், திடீரென்று பெரும் மின்னோட்டத்தை அள்ளித் தருவதில் அது கெட்டிக்கார வகை.

இனி மின்னோட்டத்துக்கு வருவோம். விளக்கு மங்குவதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. 2,000 வாட் வெளியீட்டுக்கு, 80 விழுக்காட்டுத் திறனுள்ள ஆம்பிளிஃபையர் 2,500 வாட் உள்வாங்கும், 12.8 வோல்ட்டில் அது 195 ஆம்பியர். சாதாரணக் குடும்பக் காரின் ஆல்டர்னேட்டரால் அவ்வளவு தர முடியாது. மீதியைத் தர வேண்டிய ஈய அமில பேட்டரி திணறும்போது வோல்ட் சரிகிறது, விளக்கு மங்குகிறது. ஆகவே செல் வாங்கும்போது எத்தனை ஆம்பியர் மணி என்பதோடு, தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும் என்பதையும் விவரத்தாளில் பாருங்கள். சூரிய மின்சக்திச் சேமிப்புக்கென விற்கப்படும் 100 ஆம்பியர் மணி செல்கள் பலவற்றுக்குத் தொடர் அளவு 100 ஆம்பியர்தான். உங்களுக்கு அவை போதா.

இணைப்புகளிலும் கவனம் தேவை. 200 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலும் 0.2 வோல்ட் குறையும். அந்த ஒரு மூட்டிலேயே 40 வாட் வெப்பம் பிறக்கும். எனவே தடித்த செப்புப் பட்டைகளையே பயன்படுத்துங்கள். தொடும் பரப்புகளைத் தேய்த்துச் சுத்தமாக்கி, உற்பத்தியாளர் சொன்ன முறுக்களவில் இறுக்குங்கள். தொடரில் இணைக்கும் முன் நான்கு செல்களையும் பக்க இணைப்பில் வைத்து 3.65 வோல்ட் வரை நிரப்பிச் சமப்படுத்தினால், பின்னர் ஒன்று முந்தி ஒன்று பிந்தும் தொல்லை குறையும். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் முதலில் கழற்றி வையுங்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்ற அலட்சியத்தில், தங்க மோதிரம் இரு முனைகளையும் தொட்டுப் பழுத்துச் சிவந்தால் விரலைக் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி: ஒலியைக் கூட்டினால் பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. அதை நீக்கிவிட்டு, சமன்படுத்தும் கருவியை மட்டும் வைத்தால் போதுமா?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: போதாது. சமன்படுத்தி, செல்களின் வோல்ட்டை ஒத்த நிலைக்குக் கொண்டுவருமே தவிர, ஒரு செல் எல்லை மீறும்போது எதையும் துண்டிக்காது. உங்கள் பிஎம்எஸ் தன் கடமையைத்தான் செய்கிறது. அதன் ஆம்பியர் அளவு உங்கள் தேவைக்குச் சிறியதாக இருக்கிறது, அவ்வளவே. பெரியதாக மாற்றுங்கள், அல்லது பிஎம்எஸ் கட்டளைப்படி இயங்கும் பெரிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்துங்கள். ஃபியூஸைப் பேட்டரி முனைக்கு இயன்ற அளவு அருகில் வையுங்கள். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மலிவான ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி தொடரக்கூடும் என்பதால், அத்தகைய மின்னோட்டத்தை நிறுத்தவல்ல ‘கிளாஸ் டி’ (Class T) வகையே நல்லது.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் அறையிலேயே இதைக் கட்டி, இரவில் சார்ஜ் போடலாமா? எஞ்சினை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்கலாம்?
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு என் பதில், கூடாது. வீட்டில் இரவு முழுவதும் கவனிப்பாரின்றி பேட்டரியைச் சார்ஜ் போட வேண்டாம் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை அறிவுறுத்துவது மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்களுக்கு மட்டும் உரியதன்று. பட்டறையில் கட்டுங்கள், பொருத்தும் முன் காப்புறுதி நிறுவனத்திடமும் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளிலும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பலமாடிக் கார் நிறுத்தத்தின் திறந்த மேல்தளத்தையும் தவிருங்கள். பாஸ்பேட் செல்களைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, வெயிலில் நின்ற காரின் பின்பெட்டி அதைத் தாண்டிவிடும்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கு எளிது. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,280 வாட் மணி இருக்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தி, சராசரியாக 500 வாட் செலவானால் இரண்டு மணி நேரம். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்பதால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும். எஞ்சின் நின்றதும் லித்தியத்தையும் ஈய அமில பேட்டரியையும் பிரித்துவிடும் ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் 13.3 வோல்ட்டில் நிற்கும் லித்தியம், 12.7 வோல்ட்டில் நிற்கும் ஈய அமில பேட்டரிக்குள் தன் மின்சாரத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். பாட்டு நீண்டால் இரண்டும் சேர்ந்து வற்றி, வண்டியைக் கிளப்ப மின்சாரம் மிஞ்சாது.