பெர்லைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்? – கேள்வி பதில்

நம் டீமில் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகளைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில்.

கே: பெர்ல்தான் செத்துப்போச்சே சார்?
ப: 2025இல் 5.42 பதிப்பு வந்திருக்கிறது. கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், அந்த மாற்றங்களை (பேட்ச்) அனுப்பும் சென்ட்-ஈமெயில் கமாண்டு பெர்ல்தான்.

கே: எல்லாவற்றையும் பைத்தானில் திருப்பி எழுதிவிட்டால் என்ன?
ப: தாராளமாக. அதற்கு முன் ராத்திரி ஓடும் பில்லிங் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். தேதி வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு வந்தாலும் அதிலுள்ள ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடிப் பொருத்தும் குறி) அதை உள்ளே விட்டுவிடும். ஒரு கிளையின் பழைய சாஃப்ட்வேர் அப்படித்தான் அனுப்புகிறது. இது எந்த டாக்குமென்டிலும் இல்லை, அந்த ரெஜெக்ஸில் மட்டுமே இருக்கிறது. திருப்பி எழுதுகிறவர் ‘இது எதற்கு’ என்று முதலில் தூக்குவது அதைத்தான். மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையது, புதியது இரண்டையும் சேர்த்து ஓட்டி, அவுட்புட்டை டிஃப் போடுங்கள் (வரிவரியாக ஒப்பிடுங்கள்). ஆண்டுக் கணக்கு முடிக்கும் வரை பழையதை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1 முதல் ஆதரவு கிடையாது. பெர்ல் 5 வந்தது 1994இல். அந்தக் காலத்து ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இன்றும் ஓடும். ‘பெரும்பாலும்’தான். 2017இல் 5.26 வந்தபோது, பாதுகாப்புக்காக, மாட்யூல் தேடும் பாதையிலிருந்து நடப்பு டைரக்டரியை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்தவை படுத்துவிட்டன.

கே: படிக்கவே முடியலையே?
ப: ஸ்ட்ரிக்ட் (அறிவிக்காத மாறி போன்ற தவறுகளைத் தடுக்கும் கட்டளை) போடாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஃபைல் தலையில் ‘யூஸ் வி5.36’ போட்டால் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் இரண்டும் வந்துவிடும்.

கே: பெர்ல் 6க்குப் போகலாமா?
ப: அது வேறு மொழி. 2019இல் ராக்கு என்று பெயரும் மாற்றியாயிற்று.

கே: பெர்ல் கற்றால் வேலை கிடைக்குமா?
ப: எச்ஆரைக் கேளுங்கள்.

கே: செத்த மொழியை…
ப: முதல் பதில். அடுத்து.

கே: பில்லில் தமிழ்ப் பெயர்களை வெட்டும்போது குதறிவிடுகிறதே?
ப: இது கேள்வி! ‘தமிழ்’ யூடிஎஃப்-8இல் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) 15 பைட், 5 குறியீட்டுப் புள்ளி (த, ம, இகரக் குறி, ழ, மேற்புள்ளி), கண்ணுக்கு 3 எழுத்து. டீகோட் செய்யாமல் (பைட்டுகளை எழுத்தாக மாற்றாமல்) வெட்டினால் ஓர் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவில் கத்தி விழும். டீகோட் செய்து, ரெஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் எக்ஸ் (பெரிய எக்ஸ்; கண்ணுக்குத் தெரியும் ஓரெழுத்தை முழுசாகப் பிடிக்கும்) போட்டு எடுங்கள். மூன்றும் முழுசாக வரும். ஸ்ட்ரிக்டையும் மறக்காதீர்கள்.

கே: பைத்தானில் நீளம் சொல்லும் லென் போதுமே அண்ணே?
ப: போட்டுப் பாருங்கள் தம்பி, 5 வரும். பைத்தானோடு கூடவே வரும் ஆர்ஈ என்ற ரெஜெக்ஸ் மாட்யூலுக்கு பேக்ஸ்லாஷ் எக்ஸ் தெரியாது. ரெஜெக்ஸ் என்ற மாட்யூலைத் தனியாக நிறுவ வேண்டும்.

கே: நிறுவினால் போச்சு! உங்கள் எக்ஸ் ‘க்ஷ’வை ஒன்றாக எடுக்குமா?
ப: எடுக்காது. க், ஷ என்று இரண்டாகத்தான் தரும். யூனிகோட் விதியே தமிழுக்கு அப்படி. எந்த மொழியில் எழுதினாலும் இதே கதைதான்.

கே: க்ஷ இலக்கணப்படி ஓரெழுத்தா, ஈரெழுத்தா?
ப: தமிழாசிரியரிடம் போங்கள். எனக்குக் கவலை பில்லில் ‘லக்ஷ்மி’ ‘லக்’கோடு நிற்கக் கூடாது என்பதுதான். எக்ஸுக்கு முன்னால் ‘க்ஷ’வுக்குத் தனி விதி எழுதுங்கள். ‘ஸ்ரீ’க்கும் வேண்டும். அதைச் சிலர் ஸ் போட்டும் சிலர் ஶ் போட்டும் அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் சேருங்கள்.