அனல் மின் நிலையச் சாம்பலை மாடித் தோட்டத்துக்குப் போடலாமா? விறகுச் சாம்பல் மாதிரிதானே?

போடாதீர்கள். "சாம்பல்னா எல்லாம் ஒண்ணுதான், பூச்சி அண்டாது" என்று யாராவது ஒரு மூட்டையைக் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம்.

நான் எண்ணூர்க்காரன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில்தான் அப்பா வலை போட்டார். அங்கே நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். குழாய் உடைந்தால் அத்தனையும் ஆற்றில். நான் ஏழாவது படிக்கும்போது அப்படி உடைந்து, கரை முழுக்கச் சாம்பல் காய்ந்து கிடந்தது. அம்மா ஒரு பக்கெட் அள்ளி வந்தார். முகப் பவுடர் மாதிரி மழமழவென்று இருந்தது. பாத்திரமெல்லாம் பளபளத்தது. மிச்சத்தைக் கத்தரிச் செடிகளுக்குத் தூவினார். மழை பெய்ததும் அது மண்ணோடு கலக்கவில்லை. மேலே ஓடாக இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தது. செடிகள் காய்க்காமலே போயின. அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. சாம்பலால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் அதை விட்டதும் அரிப்பும் நின்றது.

விறகுச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியம். மரம் மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். நிலக்கரி அப்படியில்லை. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை எரியாத மண்ணும் கல்லும்தான். 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பலாக மிஞ்சும். நிலக்கரியில் துளித்துளியாக இருந்த ஆர்சனிக், ஈயம், குரோமியம் எல்லாம் அந்த மிச்சத்தில் செறிந்துவிடும். சாம்பலில் ஐந்தில் நாலு பங்கு புகையோடு மேலே போகும் உலர் சாம்பல். மின்னூட்டம் ஏற்றிய தகடுகளில் அதைப் பிடிக்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய துகள் அது, மூட்டையைப் பிரித்தாலே மூக்கில் ஏறும்.

எங்கள் ஆற்றில் இருளர் சனங்கள் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில், அதாவது ஓலைக் கூடையில், போடுவார்கள். இறால் இருக்க அந்தக் கறுப்புச் சேறு வேண்டும். சாம்பல் படிந்த இடத்தில் கால் வைத்தால் சேறு விரலிடுக்கில் பிதுங்காது, நறநறவென்று கெட்டியாக இருக்கும். அப்பா கடைசியில் அந்தப் பக்கம் வலை போடப் போவதையே விட்டுவிட்டார்.

    

சரி, சிமென்ட்டில் இதைச் சேர்க்கிறார்களே என்று கமெண்டில் வருவீர்கள். ஆமாம், போர்ட்லாண்ட் பொஸோலானா சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்கிறார்கள், செங்கலும் செய்கிறார்கள். அதில் சாம்பல் கட்டுண்டு கிடக்கும். நீங்கள் தின்னப் போகிற கீரையின் வேரில் கொட்டுவது வேறு. புளிப்பு மண்ணுக்கு, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணுக்கு, அளந்து போட்டு ஆராய்ச்சி செய்ததும் உண்டு. அவர்கள் மண்ணையும் சாம்பலையும் சோதித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். மாடித் தொட்டியில் நமக்கு அந்த வசதி இல்லை.

மூட்டை வாயைக் கட்டியபடியே வைத்திருந்து, சாம்பல் செங்கல் அறுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். செடிக்குச் சாம்பல் வேண்டுமென்றால் விறகு அடுப்பு வைத்திருக்கும் டீக்கடையில் கேளுங்கள், ஒரு பை சும்மாவே தருவார்கள். கரித்துண்டைச் சலித்துவிட்டு, தொட்டிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.